மாதாவுக்கு ஓர் ஆணி

“அண்ணா, சாமி மூஞ்சி மேல யாரு வெள்ளை அடிச்சாங்க?”

ஏழு வயது வைஷ்ணவி அன்று கேட்ட கேள்வி. தலைநகரில் மண்டி ஹவுஸ் பக்கத்துக் கண்காட்சிக் கூடத்தில், ஏணியில் நின்று புகைப்படங்கள் மாட்டிக்கொண்டிருந்த ஜெயசீலன் திரும்பிப் பார்த்தான். குழந்தைக்குப் பின்னால்... மழைத்துளி சொட்டும் இமைகளோடு இரண்டு கண்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு மழைக்கு ஒதுங்கியவள் லூசி. தூத்துக்குடிக்காரி; நர்ஸ்.

படங்களில் இருந்தது ஹாலந்து நகரம் ஒன்றின் பழைய சீர்திருத்த சபை ஆலயம்.

“முதல்ல அது கத்தோலிக்கக் கோயில் பாப்பா. நானூறு வருஷத்துக்கு முந்தி எங்களை மாதிரி புராட்டஸ்டன்ட் ஆளுங்க வந்து, படம் வேண்டாம், வேத வசனம் போதும்னு சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க.”

“எங்க மாதாவுக்கா?” லூசியின் புருவம் உயர்ந்தது.

“நான் அடிக்கலீங்க... நான் ஆணி மட்டும்தான்!”

“உங்க ஆளுங்கதானே? மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கடன் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோங்க சார்.”

சிரித்தபடி கடைசிப் படத்தைக் காட்டினான். பழுது பார்க்கும்போது சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் மாதாவின் நீல அங்கி, நேற்றுத் தீட்டியது போல...

“மூடினதே காப்பாத்தியிருக்கு, பாருங்க.”

அவள் கண் கலங்கியது. அவன் ஏணியை விட்டு இறங்க மறந்தான்.

பிறகு பஸ் ஸ்டாப் பேச்சுகள், ஒரே குடை... மழைக்காலம் போனதே தெரியவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்ததும், லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் அவன் அம்மா தங்கம் ஒரே பிடியாக நின்றாள். “ஏல, நம்ம வீட்டுச் சுவத்துல மாதா படமா? நான் இருக்க மட்டும் நடக்காது.”

“எங்கம்மா சாகும்போது கையில வச்சிருந்த படம். அதை விட்டுட்டு வரமாட்டேன்,” என்றாள் லூசி. பேச்சு நின்றது.

ஜனவரியில் தங்கத்துக்குக் கடும் காய்ச்சல். கேள்விப்பட்ட லூசி, டியூட்டி முடிந்ததும் பனிமூட்டத்தில் தினமும் வந்து ஊசி போட்டாள். வாசலிலேயே கழுத்து ஜெபமாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். நோயாளி மனம் நோகக் கூடாதே...

ஜன்னல் வழியே தங்கம் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி... எனக்காகவா மறைக்க? எடுத்துப் போட்டுக்கோ,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

மறுநாள் தூறலில், பஸ் ஸ்டாப்பில் ஜெயசீலன் காத்திருந்தான்.

“வீட்டுச் சுவர்ல ஓர் ஆணி அடிச்சிருக்கேன் லூசி. சுத்தியலை எடுத்துக் கொடுத்ததே அம்மாதான்... எனக்கு நீ வேணும். படத்தோட வா.”

அவள் தலை குனிந்தது. “ஆணி நேரா இருக்கா?”

“வந்து பாரு.”

“வரேன்...”

அடுத்த வாரம், ஒரு மத்தியானம். கோல் டாக் கானா தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் யாருமே இல்லை. மாதா சுரூபத்தின் முன் ஜெயசீலன் தயங்கி நின்றான். மெழுகுவர்த்தி ஏற்றிப் பழக்கமில்லாத கை. முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

சுடர் நிமிர்ந்தது. கைகுவித்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சத்தமில்லாமல் வெளியேறினான்.

லூசியிடம் அவன் அதைச் சொல்லவே இல்லை.