சுழியக் குருதி

இசக்கியப்பன் வழக்கமாகச் சுழியமாக வருவார். அன்று நோயாளியாக வந்தார். உப்பளத்தில் கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்து ஐந்து நாளாகியிருந்தது. முழங்கால் வரை சிவந்து வீங்கிவிட்டது.

"அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?" என்றாள் ஆய்வகப் பணியாளர் பெர்சிஸ்.

"மருந்து ஏறிட்டா என் ரத்தம் உங்களுக்கு ஆகாதுல்லா. எட்டாந்தேதி குடுத்துட்டுப் பாத்துக்கிடலாம்னு இருந்தேன்."

ஊரில் அவரைத் தவிர எல்லோருக்கும் காறை எலும்பின் கீழ் ஓர் ஊற்று உண்டு. நெல்மணி அளவுக் கருவி. இன்னும் வேலை செய்கிற ஒரே ஆன்டிபயாடிக்கை அது குருதியில் கசியவிடும். அளவு குறைந்தால் கிருமிகள் அதற்கும் பழகிவிடும். கூடினால் சிறுநீரகமும் காதும் போகும். ஆகவே மாதம் ஒருமுறை பிரிப்பான் என்ற எந்திரத்துக்குக் குருதி கொடுக்க வேண்டும். மெல்லிய குழாயில் நீர்மம் அதை இழுத்துச் செல்லும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். மருந்து வருவது ஏழாம் நிமிடம். அப்போது திரையில் கோடு மேடேறும். மேட்டின் அளவுதான் மருந்தின் அளவு. அதற்கேற்ப ஊற்று தன் திறப்பைக் கூட்டும், குறைக்கும்.

மேட்டை எங்கிருந்து அளப்பது? அதற்கு மருந்தே படாத மனிதக் குருதி வேண்டும். செயற்கைக் குருதியில் கணக்கு ஒத்துவரவில்லை. அதனால் மாவட்டத்துக்கு ஒருவரை ஊற்று இல்லாமல் விட்டார்கள். இங்கே அது இசக்கியப்பன்; எட்டாந்தேதிதோறும் அவர் கொடுக்கும் குருதியே சுழியம். அவருக்கு நோய் வந்தால் முதல் மருந்து அவருக்கே என்பது சட்டம்.

மருந்து எடுக்கும் முன் சோதிக்க வேண்டும் என்பதால், பெர்சிஸ் அவருடைய குருதியை முதல்முறையாகப் பிரிப்பானின் நோயாளிக் குழியில் வைத்தாள். ஒப்பிட, ஆறு ஆண்டுகளுக்கு முன் உறையவைத்த அவருடைய முதல் குப்பியை உருக்கினாள். மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ஏழாம் நிமிடம் கோடு மேடேறியது. அளவு ஆறு.

மருந்து அலமாரி தானாகப் பூட்டிக்கொண்டது. பதிவில்லாத மருந்து, திருட்டு ஐயம் என்றது திரை.

"எங்கயாச்சும் மாத்திரை கீத்திரை வாங்கித் தின்னீங்களா?"

"அளத்து வாய்க்கால்ல பிடிச்ச மீனத் தின்னேன். வேற என்னத்தக் கண்டேன்?"

ஊரின் சாக்கடை இறங்குவது அந்த வாய்க்காலில்தான். ஊரார் உடலிலிருந்து வெளியேறிய மருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து இவருக்கு வந்திருக்கிறது. இவர் குருதியைச் சுழியமென்று நம்பிய பிரிப்பான், மாதத்துக்கு மாதம் கூடி இன்று ஆறாகிவிட்ட இந்த அளவை ஊரார் ஒவ்வொருவரிடமும் கழித்திருக்கிறது. குறைகிறதே என்று ஊற்றுகள் கூடுதலாகத் திறந்திருக்கின்றன. கூடுதலும் வாய்க்காலுக்கே, திரும்ப இவருக்கே. மாதா மாதம் காது மந்தமென்று வருகிறவர்கள் ஏன் பெருகினார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

டாக்டர் கமருதீன் காலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள மருந்து போகணும். இல்லேன்னா ஆளே தங்கமாட்டார்."

"சுழியம் தப்புன்னு தலைமையகத்துக்கு எழுதுவோம் டாக்டர்."

"எழுது. சுத்தமான ரத்தம் அனுப்புங்க, ஒத்துப் பாக்கோம்னு பதில் போடுவான். இருக்கா?"

உருக்கிய குப்பியில் ஒரு சொட்டும் இல்லை.

"என் ரத்தம் கெட்டுப்போச்சாம்மா?" என்றார் இசக்கியப்பன்.

"இல்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கு."

ஒரே ஒரு வழி இருந்தது. இன்றைய குருதியையே சுழியமாகவும் பதிவு செய்தால், அவர் அவருக்கே ஒப்பாவார், மேடு எழாது. ஆனால் அவருடைய சுழியம்தான் ஊருக்கும் சுழியம்.

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெர்சிஸ் நோயாளிக் குழி, சுழியக் குழி இரண்டிலும் ஒரே குருதியை வைத்தாள்.

ஏழாம் நிமிடம் கோடு அசையவில்லை. அலமாரி திறந்தது. டாக்டர் எழுந்து வந்து ஊசியைப் போட்டார்.

"சுருக்குன்னுகூட இல்ல," என்றார் இசக்கியப்பன். கண்ணை மூடிக்கொண்டார்.

புதிய சுழியம் ஏற்கப்பட்டது என்றது திரை. சுழியம் மாறும் நாளில் முதல் அளவீடு ஊழியருக்கு. அவள் தன் குருதியை எடுத்து வைத்தாள். போன மாதம் அவள் அளவு சரியாக இருந்தது.

குறைவு என்றது பிரிப்பான்.

அவளுடைய காறை எலும்பின் கீழ் ஊற்று இன்னும் கொஞ்சம் திறந்தது.