குறைந்த வடிமானம்

மகள் எழும்புவதற்கு முன்பே வலி மாத்திரைகளைப் பொடித்துக் கருப்பட்டிக் காப்பியில் கலக்கிவிடுவாள் அற்புதமேரி. சில மாதங்களாக அதுதான் வழக்கம். கசப்பு தெரியாமலிருக்கக் கருப்பட்டியைக் கூட்டிப் போடுவாள்.

"எதுக்கும்மா இவ்ளோ இனிப்பு?" ஜொவீற்றா முகம் சுளித்தாள்.

"பேசாம குடி. இன்னைக்கு அளக்கப் போகணும்லா."

கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீரெல்லாம் கெட்டு, பாதிப்பேருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்த காலம் அது. அதனால்தான் பகிர்வுச் சட்டம் வந்தது. இருபத்தொரு வயதானவர்கள் வடிமானி என்ற கருவியின் முன் உட்கார வேண்டும். ஊசி வழியாக ஏற்றும் ஒளிச்சாயத்தைச் சிறுநீரகங்கள் எவ்வளவு வேகமாக இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்றுகின்றன என்று கையில் ஒட்டிய சென்சார் கணக்கிடும். வடிமானம் தொண்ணூறைத் தாண்டினால் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தாக வேண்டும்.

அற்புதமேரியும் கணவன் சேவியரும் அப்படிக் கொடுத்தவர்கள்தான். மிஞ்சியிருந்த ஒன்றும் கைவிட்டபோது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான முறை வருவதற்குள் சேவியர் போய்ச் சேர்ந்துவிட்டான். மகளையும் அந்த வழியில் அனுப்ப அவளுக்குத் துணிவில்லை. வலி மாத்திரை வடிமானத்தை இறக்கும், நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினாள்.

அளவை நிலையத்தில் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு மறுபடியும் கணக்கைச் சரிபார்த்தார். அற்புதமேரி திரையை எட்டிப் பார்த்தாள். தொண்ணூறைத் தாண்டிவிட்டதோ?

"எவ்ளோ டாக்டர்?"

"இருபத்திரண்டு."

"திருப்பி அளந்து பாருங்க."

"ரெண்டு தடவை பாத்துட்டேம்மா. இவங்க குடுக்க வேண்டியதில்ல. இவங்களுக்குத்தான் ஒண்ணு வைக்கணும்."

"மாத்திரைய நிறுத்துனா ஏறிராதா?" என்று கேட்க அற்புதமேரி வாயெடுத்தாள். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னோடத எடுத்துக்கோங்க."

"உங்ககிட்ட இருக்கறது ஒண்ணுதானேம்மா. பயப்படாதீங்க. சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் இப்ப முதல் முறை. பக்கத்து அறையில ஒரு பையனுக்கு நூத்திநாலு. ரத்தமும் பொருந்துது."

ஜொவீற்றா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் வளர்ந்த மகனைச் சிறுபிள்ளைபோல் அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எம் புள்ளைக்கு நூத்திநாலு. ஒங்க புள்ளைக்கு எவ்ளோ வந்துச்சு?"

"கொறச்சல்தான்."

அந்தப் பெண் ஜொவீற்றாவை ஏக்கத்தோடு ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்க குடுத்து வச்சவங்க, அக்கா."

அற்புதமேரியால் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை.