விடச் சொல்லும்வரை

புதன்கிழமை காலை, முதல் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோதே வேறொரு சத்தம் கேட்டது. முதல் நோயாளி பேக்கரிக்காரரின் மனைவி, ஒரு வாரமாகச் சளி. "மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்கங்க. ம்... விடுங்க" என்று டாக்டர் சொல்ல, அந்த அம்மாளும் தெருவுக்கே கேட்கும்படி மூச்சை விட்டாள். நெஞ்சில் கரகரப்பு இருந்தது. இதயம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் அடியில், வெகு தூரத்தில், மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ பலகையைத் தட்டினார்கள். டொக். டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

கதவைத்தான் யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்து டாக்டர் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள், இருமல், ஈரக் குடைகளின் வாசனை, டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்காவின் அதட்டல். எல்லாம் என்றைக்கும் போலத்தான் இருந்தன.

அடுத்து வந்த லாரி டிரைவரின் முதுகிலும் அது கேட்டது. மேஜை இழுப்பறையிலிருந்த பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்றின் நெஞ்சில், குருவிக்கு அடித்துக்கொள்வது மாதிரியான அந்தச் சின்னத் துடிப்புக்குப் பின்னாலும் அதே தட்டல் இருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

நர்ஸ் அக்கா காதில் வைத்துக் கேட்டாள். "நல்லாத்தானே கேக்குது டாக்டர்? நீங்கதான் சரியாத் தூங்கலபோல. முகமே சரியில்ல."

பதினோரு மணிக்குத் தேநீர் குடிக்க வெளியே வந்தவள், பெஞ்சின் இடதுகோடி காலியாக இருப்பதைப் பார்த்தாள். அத்தனை கூட்டத்திலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. பலகை அங்கே மட்டும் விரல் பட்டுப் பட்டு மழமழத்திருந்தது. அப்போதுதான் தட்டுவது யார் என்று தெரிந்தது.

அது தச்சருடைய அம்மாவின் இடம். எட்டு வருஷமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் முதல் டோக்கன் அவர்களுக்குத்தான். ஊரே 'ஒண்ணாம் நம்பர்' என்றுதான் கூப்பிடும். டாக்டர் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், விரல் முட்டியால் பெஞ்சை மூன்று மூன்றாகத் தட்டுவார்கள். இதயத் துடிப்பு திடீர் திடீரென்று இறங்கிவிடும் வியாதி. இருபத்தெட்டுக்குப் போய், கை கால் சில்லிட்டு, கண் செருகி, வீட்டில் எல்லாரும் ஒப்பாரி வைக்க ஆரம்பித்த பிறகு, "என்னடி சத்தம்?" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நெஞ்சில் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டபோதும், "பேட்டரியெல்லாம் ரேடியோவுக்குத்தான் பொண்ணு" என்று சிரித்துவிட்டார்கள்.

ஒருமுறை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, போன் வந்ததில் டாக்டர் மறந்தே போனாள். அவர்கள் கன்னம் உப்ப, முகம் சிவக்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு மாதம் வருவோர் போவோரிடமெல்லாம் அதே பேச்சுதான். "விடச் சொல்ல மறந்துட்டா இந்த டாக்டர் பொண்ணு. இவ சொல்லாம நான் எப்படி விடுறது?"

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, தச்சர் மட்டும் தனியாக வந்தார். "அம்மா போயிட்டாங்க டாக்டரம்மா. விடியக்காலையில மூச்சு நின்னுடுச்சு" என்றார். பெஞ்சில் நாற்பத்து மூன்று பேர். தச்சர் வீடு ஊருக்கு வெளியே, போய்வர ஒரு மணி நேரமாகும். எட்டு வருஷத்து நோயாளி, என்றைக்கோ எதிர்பார்த்ததுதான். ஊரில் எத்தனையோ சாவுக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். 'உடலை நேரில் பரிசோதித்தேன்' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, "மனசைத் தேத்திக்கங்க அண்ணே" என்று சொல்லி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். சாயங்காலமே அடக்கம் ஆகிவிட்டது.

இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்த மனுஷி. அது டாக்டருக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

வியாழக்கிழமை தட்டல் இன்னும் வேகமாக இருந்தது. ஒரு நெஞ்சு விடாமல் எல்லா நெஞ்சிலும் இருந்தது. பதினைந்தாம் டோக்கனோடு நிறுத்திவிட்டு உள்ளே போய்விடலாமா என்று நினைத்தபோது தச்சர் வந்து நின்றார். கண் வீங்கி, மூன்று நாள் தாடியோடு இருந்தார்.

"உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க வீட்டுக்கு வந்து பார்த்ததாத்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அப்படியே இருக்கட்டும்."

"ஏன் அண்ணே அப்படி..."

"தங்கச்சி ஒரே பிடிவாதம். அம்மா கழுத்து இன்னும் சூடா இருக்கு, பெட்டியை மூடாதேன்னு கத்துறா. டாக்டரம்மா காலையிலயே வந்து பார்த்துட்டாங்கன்னு சொன்னேன். அப்புறம்தான் கையை எடுத்தா." தச்சர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நானே செஞ்ச பெட்டி. நல்ல பலகை. அம்மாவுக்குன்னு இழைச்சு இழைச்சு வச்சேன்."

சொல்லிவிடலாம். இந்த நிமிஷமே சொல்லிவிடலாம். 'அண்ணே, ஓடுங்க, மண்வெட்டி எடுங்க' என்றால் போதும். வாய்வரை வந்தது. அச்சடித்த வரியும் அதன் கீழிருந்த கையெழுத்தும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பதினோரு வருஷம் சேர்த்த பெயர். பெஞ்சில் இத்தனை பேர். தவிர, சத்தம் கேட்கிறது என்று எந்த டாக்டர் சொல்லுவாள்? பைத்தியம் என்பார்கள்.

"உடம்பைப் பார்த்துக்கங்க அண்ணே" என்றாள். தன் குரலைக் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அன்று மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் போய் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். வெறும் காதை.

"என்ன, வீட்லயும் டூட்டியா?" என்று சிரித்தார் அவர். சிரிப்பில் நெஞ்சு குலுங்கியது. குலுங்கலுக்கு அடியில், டொக். டொக். டொக்.

"ஏம்மா, ஏன் அழறே?"

சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தட்டல் தளர்ந்தது. மூன்று என்பது இரண்டானது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்தெட்டு. மத்தியானம் இருபது. யாருடைய நெஞ்சில் வைத்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. சாயங்காலம் பதினொன்று. ஒண்ணாம் நம்பர் களைத்துவிட்டார்கள். தாகமாக இருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதும் போகலாம்.

போகவில்லை.

சனிக்கிழமை காலை முதல் டோக்கன். சத்தமில்லை. இரண்டாவது. இல்லை. ஆறாவது நோயாளியின் நெஞ்சில், தெளிவான, தனியான, சாதாரணமான இதயம் மட்டும். டாக்டர் எழுந்தாள். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் கிடக்க, செருப்பைக்கூட மாட்டாமல் பெஞ்சைத் தாண்டி நடந்தாள். "டாக்டர்? டாக்டர், எங்க போறீங்க?" நர்ஸ் அக்காவின் குரல் பின்னால் தேய்ந்தது.

இடுகாட்டில் பட்டப்பகல் வெயில். ஒரு காக்காய்கூட இல்லை. மழை நின்று இரண்டு நாளாகியும் புதுமேடு மட்டும் கறுத்து, ஈரமாக, பிசைந்த மாவு மாதிரி இருந்தது. மண்டியிட்டாள். சேலை நனைந்தது. ஸ்டெதஸ்கோப்பை மண்ணில் அழுத்தி வைத்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் அழுத்தினாள். ஒன்றுமே இல்லை. போய்விட்டார்கள். நிம்மதியாக இருந்தது. இதற்குப் போய் நிம்மதிப்படுகிறோமே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மன்னிச்சிடுங்கம்மா" என்று மண்ணிடம் சொன்னாள். "நான் வந்து பார்த்திருக்கணும்."

அப்போது மூச்சு கேட்டது.

ஆழத்தில் இல்லை. பக்கத்தில். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்துக்கு நேர் கீழே, ஒரு விரற்கடை மண்ணுக்கு அந்தப் பக்கம், யாரோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய இதயத்தை.

"மூச்சை நல்லா இழு."

பழகின குரல். கொஞ்சம் கேலி இருந்தது அதில்.

இழுத்தாள். உடம்பு தானாக இழுத்தது. மண் வாசனை. இழைத்த பலகையின் வாசனை. நெஞ்சு முட்ட நிறைந்தது.

"பிடிச்சுக்க, டாக்டர் பொண்ணு."

பிடித்துக்கொண்டாள்.

வெயில். காதுக்குள் தன் துடிப்பு. தொண்ணூறு. நூற்றுப் பத்து. விரல் நுனியில் ஊசிகள். கண்ணோரம் இருட்டு. விட முயன்றாள். நெஞ்சு அசையவில்லை. துடிப்பு எழுபது. ஐம்பது. வேலிப் பக்கமிருந்து நர்ஸ் அக்கா ஓடிவருவது தெரிந்தது, வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சைக் கேட்கும்போது யாராவது பேசினால் காட்டுவது போல, டாக்டரின் இடது கை தானாக உயர்ந்தது. சும்மா இருங்க.

கீழே, பலகையில், விரல் முட்டி மூன்று முறை தட்டியது.

இருபத்தெட்டு.

கன்னம் உப்ப, முகம் நீலம் பாரிக்க, அவள் அசையாமல் மண்டியிட்டிருந்தாள், அந்த ஒரு வார்த்தைக்காக.