ஆயிரம் வாலாவும் சுளிப்புமானியும்

தீபாவளியன்று காலை ஐந்து மணிக்குப் பூரணி கீழே இறங்கி வந்தபோது, காவேரி விண்மாடத்தின் வாசல் பலகையில் முப்பத்தெட்டு என்று எரிந்துகொண்டிருந்தது. பண்டிகை விடியலுக்கு அது ஒன்றும் பெரிய எண் இல்லை. வெந்நீர் ஆறிப்போனவர், எண்ணெய் கண்ணில் இறங்கியவர், புது ரவிக்கை இறுக்கிப் பிடித்தவர் என்று நூற்றெழுபத்தாறு வீடுகளின் எரிச்சலையும் கூட்டினால் அவ்வளவு வரத்தான் செய்யும்.

கூட்டுவது சுளிப்புமானியின் வேலை. குடியிருப்பவர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓர் உளப்பட்டி இருந்தது. நாடி, தோலின் சூடு, வியர்வை மூன்றையும் பார்த்து, ஆளின் மனதில் இருக்கும் வெறுப்பை மட்டும் பிரித்து அது வாசல் கருவிக்கு அனுப்பும். வாய் என்ன சொல்கிறது என்பதை அது சட்டை செய்வதே இல்லை. எந்தச் செயலால் மொத்தச் சுளிப்பு நூறைத் தாண்டுகிறதோ, அந்தச் செயலுக்குக் கட்டடத்தில் நிரந்தரத் தடை. செய்தவர், மனம் நொந்த ஒவ்வொருவரிடமும் பட்சணத்தோடு போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். விதியை எழுதியவர் சங்கச் செயலாளர் கிருபாகரன். பூரணியை மனதில் வைத்துத்தான் எழுதினார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

பூரணிக்கு நாற்பத்தைந்து வயது. திருச்சியின் உயரமான கட்டடங்களில் மின்தூக்கி பழுதுபார்ப்பவள். ஊரே சுவர்த்திரையில் வாணவேடிக்கையைச் சத்தம் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் ஒருத்திதான் அந்தக் கட்டடத்தில் நிஜ வெடி வெடிப்பவள். புகையைச் சொல்லி யாரும் குறை கூற முடியாது. புகையே வராத புகையிலி வெடிமருந்து வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. கட்டடத்திலிருந்த மூன்று நாய்களுக்கும் அவளே காதுக்குல்லா தைத்துக் கொடுத்திருந்தாள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதல்நாளே போய் நேரம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் என்ன? காரணம் போன பிறகும் முகச்சுளிப்பு போகவில்லை. பழகிப்போன முகம் அப்படி லேசில் மாறுமா?

அந்த விதியைக் கொண்டுவந்த சங்கப் பொதுக்கூட்டத்தில் நூற்று நாற்பத்தோரு கைகள் அவளுக்கு எதிராகத் தூக்கப்பட்டிருந்தன.

"படிச்ச ஜனங்க இருக்கற இடம்மா இது," என்றார் கிருபாகரன். "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க. மெஷின் சொன்னா ஒத்துப்பீங்களா?"

"ஒத்துக்கறேன் சார். கை தூக்கறப்போ பக்கத்து வீட்டைப் பாத்துத் தூக்குவாங்க. நாடி யாரையும் பாக்காது."

"நூறைத் தாண்டுச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் இங்க ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தக் கூடாது."

"கொளுத்தலை சார்."

அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு! அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது யாருக்கும் தெரியாது. வருடம் முழுக்க மின்தூக்கிக் குழியின் இருட்டில் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பண்டிகை. அது போய்விட்டால் தீபாவளி வெறும் லீவு நாள்தான்.

இப்போது முற்றத்தில் ஆயிரம் வாலாவை நீளமாக விரித்தாள். ஒரு வாரம் மொட்டை மாடி வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்த சரம். திரியின் காகிதத்தை நகத்தால் கிள்ளி, மருந்து தெரிய உரித்துவிட்டு, ஊதுவத்தியை வைத்தாள்.

அடேயப்பா! சரம் சடசடவென்று பிடித்துக்கொண்டு முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. நடுவில் ஓரிடத்தில் தீ தயங்கி, போச்சு என்று நினைக்கும்போது மறுபடி பிடித்தது. பூரணி தன்னையறியாமல் கைதட்டினாள். இருபத்திரண்டு மாடியும் எதிரொலித்தது. பிறகு புஸ்வாணங்கள், பொன்னும் வெள்ளியுமாக இரண்டாள் உயரம். சங்கு சக்கரம் ஒன்று அவள் புதுச் சுடிதாரைத் துரத்திக்கொண்டு வந்தது.

குழுச் செய்தியில் வசவு கொட்டியது. 'காது கிழியுது. கொஞ்சமாவது நாகரிகம் வேண்டாமா?' என்று எழுதியிருந்தார் மூன்றாம் மாடி ஃபிலோமினா டீச்சர். அதை அவர் பால்கனிக் கம்பியில் பாதி உடம்பைச் சாய்த்து, வாயெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டு எழுதினார்.

பலகையில் எண் இருபத்திரண்டானது. அப்புறம் பதினாறு. அப்புறம் ஒன்பது.

எட்டாம் மாடியிலிருந்து கிருபாகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஒன்பதா? மெஷின் ரிப்பேர்! நிறுத்துங்கம்மா."

"அது ஓடுதே சார். இன்னும் அரைமணி நேரம் எனக்குப் பாக்கி இருக்கு."

"செயலாளர் நான் சொல்றேன், நிறுத்துங்க!"

பூரணி அசையவில்லை. அவள் அடுத்ததாக விரித்து வைத்திருந்தது ஐயாயிரம் வாலா. அவர் தோட்டக் குழாயடியிலிருந்து வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து அதன் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஊற்றிவிட்டார். அதுவும் ஒரு வாரம் வெயிலில் காய்ந்த சரம்தான்; ஒரு நொடியில் சொதசொதவென்று ஊறியது.

பலகையில் எண் ஏறத் தொடங்கியது. நாற்பது. எழுபது. நூறு. நூற்று முப்பத்தேழில் மணி அலறியது.

"பாத்தீங்களா!" என்றார் கிருபாகரன். "தாண்டிடுச்சு! இப்பதான் சரியாக் காட்டுது!"

பூரணி ஈரச் சரத்தைக் குனிந்து சுருட்டத் தொடங்கினாள். போட்ட கையெழுத்துக்கு அவள் கட்டுப்பட்டவள்.

அப்போது கருவி பேசியது. "செயல்: வெடி நிறுத்தம். செய்தவர்: கிருபாகரன், வீட்டு எண் எண்ணூற்று நான்கு. வெடி நிறுத்தம் இக்கட்டடத்தில் நிரந்தரமாகத் தடை செய்யப்படுகிறது. செய்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் பட்டியல், அதிகம் நொந்தவரிலிருந்து வருமாறு."

மேலே யாரோ விசிலடித்தார்கள். ஃபிலோமினா டீச்சராக இருக்காது என்று நம்புவோம்.

பட்டியல் பலகையில் விரிந்தது. கிருபாகரன் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். முதல் பெயர் கிருபாகரன். சுளிப்பு பத்தொன்பது. கட்டடத்திலேயே அதுதான் அதிகம்.

"இது தப்பும்மா," என்றார்.

"நாடி உங்களோடதுதானே சார்."

அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நடுவுல தயங்குச்சு இல்ல, அந்தச் சரம்? மேல ஜன்னல்ல நான் மூச்சே விடலம்மா. கண்காணிக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பூரணிக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் மனுஷன் நின்ற நிலையைப் பார்த்துக் தான் மன்னிப்புக் கேட்க நேர்ந்தால் உதவுமென்று கைப்பையில் கொண்டுவந்திருந்த பட்சண டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர் ஒரு லட்டை எடுத்தார். யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்துவிட்டு, "மன்னிச்சுக்கடா கிருபா" என்று முணுமுணுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பட்டியலில் இன்னும் நூறு பேர் இருந்தார்கள்.

"பையில வெடி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் கிருபாகரன்.

"ஒரே ஒரு லட்சுமி வெடி இருக்கு சார்."

வாங்கிக்கொண்டார். திரியின் காகிதத்தை நகத்தால் கிள்ளி, மருந்து தெரிய உரித்தார். பூரணி கண் கொட்டாமல் அந்த விரல்களைப் பார்த்தாள். கொஞ்சமும் பிசகாத கிள்ளு.

"தள்ளி நில்லும்மா," என்றார் கிருபாகரன், ஊதுவத்தியை வாங்கிக்கொண்டு. "இத்தனை வீட்டு வாசலும் ஏறி இறங்க என் முட்டி தாங்காது. எல்லாருக்கும் சேத்து ஒரே தடவையா மன்னிப்புக் கேட்டுடறேன்."