மூன்று பேட்டரி தின்ற கார்

"ஓடி வாங்க! கார் தண்டவாளத்துல நின்னுட்டு! ரயில் வருது!"

கத்திக்கொண்டே வாழைத்தோப்பை நோக்கி ஓடினாள் வேணி. அவளுக்குப் பின்னால், மழைத் தூறலில், ரயில்வே கேட்டின் நட்டநடுவில், சித்தப்பாவின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அசையாமல் நின்றது. உள்ளே குமரகுருபரன் சித்தப்பா சாவியைத் திருகு திருகென்று திருகினார். 'டிக்... டிக்...' அவ்வளவுதான் பதில்.

"சார், இறங்கும்வே! கேட்ட மூடணும்!" என்று கேட்காரர் சிவப்புக்கொடியை ஆட்டி அலறினார்.

தோப்போரம் லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள், தார்களைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒரே தள்ளு! கார் தண்டவாளத்தைத் தாண்டி உருண்டது. கேட் இறங்கவும், திருச்செந்தூர் ரயில் தடதடவென்று கடக்கவும் சரியாக இருந்தது.

"அப்பாடா!" என்று வேணி நெஞ்சில் கை வைத்தாள்.

தள்ளியவர்களில் உயரமாக இருந்த முகம்மது சுல்தான், துண்டால் முகத்தைத் துடைத்தார். "அண்ணாச்சி, வண்டி பாக்க ராசா மாதிரி இருக்கு. ஆனா ராசாவுக்கு நடக்க வராது போல. பல்லக்குத் தூக்க ஆள் வேணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. காரணம் வேணிக்குத் தெரியும். காலையில் பாளையங்கோட்டை வீட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிளம்பும்போதே பிரம்மநாயகி சித்தி சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ இது வழியில நின்னுச்சு, பழைய இரும்புக்காரன்கிட்ட பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன். பாத்துக்கிடுங்க!"

சித்தி சொன்னால் செய்வாள். மேல்கூரையைத் திறந்துவிட்டு, ஆற்றங்காற்று முகத்தில் அடிக்க இந்தக் காரில் போகிற சுகம் இனி கிடைக்காதா?

"பேட்டரி செத்துட்டு. மாத்திருங்க" என்றார் சுல்தான்.

"மாத்தாமலா இருக்கேன்? இது மூணாவது பேட்டரிவே! சார்ஜ் போட்டு மாட்டுனா ரெண்டு நாள் ஓடுது. அப்புறம் படுத்துக்கிடுது. விக்கிறவன் ஏமாத்துதான்!"

வேணி யோசித்தாள். "மூணு பேட்டரியுமா கெட்டுப்போகும், சித்தப்பா? நம்ம மாடித் தொட்டில தண்ணி காலியானா தொட்டியவா மாத்துவோம்? மோட்டார் தண்ணி ஏத்துதான்னுதான பாப்போம்?"

"புள்ள கேக்குறது நியாயந்தான்" என்றார் சுல்தான்.

"கார்ல அந்த மோட்டார் எது, சித்தப்பா?"

"ஆல்டர்னேட்டர். எஞ்சினோட சேந்து சுத்தி பேட்டரிய நெறைக்கும். ஆனா அதுல ஒரு கோளாறும் இல்லட்டி. இருந்தா, வண்டி ஓடும்போதே ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சு காட்டிக் கொடுத்துரும். ஒரு நாளாவது எரியணுமே!"

"எங்க இருக்கு அந்த விளக்கு?"

"இதோ, இங்கன..."

சித்தப்பாவின் விரல் பாதியில் நின்றது.

விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது! அன்றைக்கு சித்தப்பாவுக்குக் கை தாராளம். ஸ்டியரிங், ஹாரன், கியர், கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு. வேகம் காட்டும் மீட்டருக்கு வைத்ததை மட்டும், முள் தெரியவில்லை என்று மறுநாளே துடைத்திருந்தார்.

வேணி சாலையோரம் தேங்கிய மழைத்தண்ணீரில் பாவாடை நுனியை நனைத்துத் தேய்த்தாள். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சாவியைத் திருகியதும், உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு கண் மங்கலாக விழித்தது.

"அட, இத்தனை நாளும் இது எரிஞ்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதே!" என்று தலையில் கை வைத்தார் சித்தப்பா.

முன்மூடியைத் திறந்தார்கள். எஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றியிருந்த கறுப்பு பெல்ட்டை வேணி விரலால் அழுத்தினாள். துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்தது.

"இவ்வளவு தொளதொளன்னா இருக்கும்?"

"இருக்கக்கூடாது. நழுவியிருக்கு. அதான் கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம்... நான் அணில்னு நினைச்சேன்!"

"ஓடுற கார்லயா, சித்தப்பா?"

சுல்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஆல்டர்னேட்டரைப் பைய நெம்பினார். பெல்ட் விறைப்பாக இழுபட்டது. சித்தப்பா ஸ்பேனரால் நட்டை இறுக்கினார்.

"சித்தப்பா, முன்விளக்கு, வைப்பர், பாட்டு எல்லாத்தையும் அணைச்சிருங்க. இருக்கிற சொச்சம் எஞ்சினுக்கு மட்டும் போகட்டும்" என்றாள் வேணி.

மறுபடியும் ஒரு தள்ளு. கார் குலுங்கியது, இருமியது. பிறகு, 'டுர்ர்ர்ர்!'

வேணி சிவப்பு விளக்கையே பார்த்தாள். அது ஒரு தடவை சிமிட்டியது. பிறகு அணைந்தேவிட்டது.

"அணைஞ்சிட்டு! அணைஞ்சிட்டு!" என்று குதித்தாள். ஒரு விளக்கு அணைந்ததற்கு இத்தனை பேர் கை தட்டியதை அந்தக் கேட்காரர் பார்த்ததே இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. பாளையங்கோட்டை நெருங்கும்போது சித்தப்பா மெதுவாகச் சொன்னார். "ஏட்டி, நின்ன சங்கதி சித்திக்குத் தெரிய வேண்டாம், என்ன?"

வேணி அணைந்திருந்த சிவப்பு விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் சித்தி நின்றாள். பக்கத்தில் பெரிய மீசையோடு ஒரு புது ஆள். கார் நின்றதும் அவர் அதைச் சுற்றி வந்து, கதவைத் தட்டிப் பார்த்தார். வேணி இறங்கி, காருக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். பழைய இரும்புக்காரர்!

"வழியில நின்னுச்சா?" என்று கேட்டாள் சித்தி.

சித்தப்பா வானத்தைப் பார்த்தார்.

"நின்னுச்சு சித்தி" என்றாள் வேணி. "தண்டவாளத்துலயே நின்னுச்சு. ஆனா ஏன்னு கண்டுபிடிச்சாச்சு." ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

சித்தி முதலில் வேணியை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு சித்தப்பாவை முறைத்தாள். "ஆக, மூணு பேட்டரியத் தின்னது வண்டி இல்ல. ஒங்க பக்தி!"

"இனிமே நிக்காது சித்தி. விளக்க மட்டும் மறைக்காம இருந்தா போதும். அண்ணாச்சி, இத ஒடைக்க எடுத்துட்டுப் போயிராதீங்க!"

மீசைக்காரர் விழித்தார். "ஒடைக்கவா? நான் எதுக்கு பாப்பா ஒடைக்கப் போறேன்?"

சித்தி சிரித்துக்கொண்டே போய், சித்தப்பாவை இறக்கிவிட்டு, ஸ்டியரிங் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"இவரு தானியேல் அண்ணாச்சி. கார் ஓட்டச் சொல்லித் தருதவரு. வழியில நிக்கிற வண்டிய வச்சு நான் எப்படிப் படிக்க? அதான் அந்த மிரட்டு மிரட்டுனேன். ஏறுங்க அண்ணாச்சி, மொதல்ல கிளட்ச் எதுன்னு காட்டுங்க!"