மூப்பியல் துறையில் ஓர் இடம்

ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரி திறக்கிற நாளில், கோவை வளாகத்து வாசலில் உள்ள உடல்வயதுமானியில் எல்லோரும் விரல் வைக்க வேண்டும். நறுமுகை வைத்தாள். வழக்கம்போல முப்பத்து நான்கு. அவளுக்கு முன்னால் போன துணைவேந்தருக்கும் முப்பத்து நான்கு, பின்னால் வந்த கேண்டீன்காரருக்கும் முப்பத்து நான்கு. ஆண்டுக்கொரு முறை போட்டால் உடலை முப்பத்து நான்கிலேயே நிறுத்திவைக்கும் மூப்புத்தடை ஊசி வந்த பிறகு, ஊரே ஒரே வகுப்பில் படித்தது போல ஆகிவிட்டது.

அந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் ரெஜினா, மூப்பியல் துறையின் தலைவர். நறுமுகை அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவள். அதே துறையில் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தற்காலிகத்துக்கு நாற்பது வயதாகிறது. உடல் வயது அறுபதானால் ஓய்வு என்கிற பழைய சட்டத்தை யாரும் மாற்றவில்லை. யாருக்கும் அறுபது ஆகாததால் எந்த நாற்காலியும் காலியாகவில்லை. இலவு காத்த கிளியாவது கடைசியில் பஞ்சைப் பார்த்தது. நறுமுகை முதலில் அழுதாள், பிறகு ஆத்திரப்பட்டாள். இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை.

ரெஜினா விரல் வைத்தார். மானி முப்பத்தைந்து காட்டியது.

"மெசின் கோளாறுங்க மேடம். விரலைத் தொடச்சுட்டு வைங்க," என்றார் காவலர்.

ரெஜினா துடைக்கவில்லை. நறுமுகையைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"போன வருச ஊசிய நான் போட்டுக்கல, கண்ணு."

"ஏனுங்க மேடம்?"

"மூப்பைப் படிக்கற துறையில மூப்படையற ஆள் ஒருத்தர்கூட இல்ல. எலிய வெச்சே எத்தன காலம் ஓட்டறது? கண்டுபுடிச்சவளே மாட்டிக்கட்டும்." சிரித்தார். கண்ணோரத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. "அதுவுமில்லாம, எனக்கு அறுபதாச்சுன்னா இந்த எடம் உனக்கு. ஊசியக் கண்டுபுடிச்சு உன் பொழப்புல மண்ணப் போட்டவ நாந்தானே."

ரெஜினா இழுப்பறையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டாத்தான் உடம்பு ஏத்துக்கும். அப்புறம் போட்டாலும் வேல செய்யாது. பெருசா முடிவெடுத்துட்டேன், ஆனாப் பயமா இருக்கு. சாகறதுக்குப் பயம். போட்டுக்கோங்கன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், போட்டுக்கறேன்."

சொல்ல வேண்டிய வார்த்தை நறுமுகைக்குத் தெரியும். வாய்மொழித் தேர்வன்று பதற்றத்தில் பட்டினியாக வந்தவளுக்கு, தன் டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோறு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தவர் இவர். இவர்மேல் கொள்ளை அன்பு வைத்திருந்தது நினைவிருந்தது. அந்த அன்பைத் தனக்குள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இல்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

"கைப்பிடி வலுவ அளந்துரலாங்க மேடம்," என்றாள். "இன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் முதல் அளவு சரியா இருக்கும்."

ரெஜினா அவளையே பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார். நறுமுகை அளவுக்கருவியை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நடுங்காமப் புடிங்க மேடம்," என்றாள். "அளவு தப்பா வந்துரும்."