மின்மினி பல்பும் பதினோரு பேழைகளும்

காலை எட்டு மணிக்குப் பூங்கோதை தன் கணவனின் கண்ணாடிப் பேழை மேல் படிந்திருந்த பனியைத் துடைத்தாள். உள்ளே ஏகாம்பரத்தின் மூக்கும் மூடிய கண்களும் தெரிந்தன. "கப்பல் வர இன்னும் இருநூத்திப் பத்து நாள்தான். ஒழுங்கா படுத்திருங்க" என்றாள். உறைந்து கிடப்பவன் என்ன பதில் சொல்வான்? துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். புதுக்குமரியில் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே பதினோரு குடும்பங்களுக்குப் பல் தேய்ப்பதுபோல இதுவும் ஒரு காலை வேலை.

செவ்வாய்க் கோளின் தரைக்கு அடியில் முந்நூறு வீடுகள். அதுதான் புதுக்குமரி. அங்கே தீர்க்க முடியாத நோய் வந்தால், பூமியிலிருந்து மருத்துவக் கப்பல் வரும்வரை நோயாளியை உறைதுயிலில் ஆழ்த்திவிடுவார்கள். ஏகாம்பரம் மேலே சூரியத் தகடுகளைத் துடைக்கும் வேலை பார்த்தவன். ஒருநாள் தலைக்கவசத்தில் விரிசல். சிவப்புத் தூசி நுரையீரலை அரித்துவிட்டது. அவனுக்கான புது நுரையீரல் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அப்போது பார்த்துப் புழுதிப் புயல் பிடித்தது. மாதக்கணக்கில் அடித்தது, சனியன். தகடுகளில் பாதி மின்சாரம்கூட வரவில்லை. இருப்பதைப் பிரித்துக் கொடுப்பது பங்கீட்டான் என்ற இயந்திரம். முதலில் காற்று, பிறகு தண்ணீர், பிறகு வீட்டு விளக்கு, கடைசியில் உறைதுயில். நோயாளிக்கு முன்னால் விளக்கா என்று கேட்பீர்கள். முதன்முதலில் குடியேறியவர்கள் இருட்டிலேயே கிடந்து புத்தி பேதலித்து, வெளிக்கதவைத் திறந்துகொண்டு மூச்சுவிடக் காற்றில்லாத வெளியில் நடந்துபோய்ச் செத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வீட்டின் விளக்கை வெளியிலிருந்து யாரும் அணைக்கக் கூடாது என்பது சட்டம்.

இப்படியே போனால் பேழைகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டிவரும் என்று பங்கீட்டான் அறிவித்தது. கடைசியாகப் படுத்தவர் முதலில். அதாவது ஏகாம்பரம்.

பூங்கோதை குடியிருப்பின் எலக்ட்ரீஷியன். அழுதுகொண்டு உட்காரவில்லை. பழுதான திரைகளை உடைத்து, உள்ளிருந்த ஒளிச்சில்லுகளைப் பொறுக்கி, இருபது நாள் தூக்கம் கெட்டுப் புது பல்பு ஒன்று செய்தாள். அதே வெளிச்சம், எட்டில் ஒரு பங்கு மின்சாரம். மின்மினி என்று பேர் வைத்தாள். முந்நூறு வீட்டிலும் ஏணி போட்டு ஏறி, பழையதைக் கழற்றி, அவளே மாட்டினாள். 'எந்தப் பேழையையும் நிறுத்த வேண்டியதில்லை' என்று பங்கீட்டான் சொன்ன அன்று, பேழையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

முன்பெல்லாம் அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். இப்போது, "எரிஞ்சா எரியட்டும், மின்மினிதானே!" கட்டிலுக்கு அடியில் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று. வாசலில் வீட்டுக்காரர் பேரை பல்பாலேயே எழுதினார்கள். ஒரு காதுகுத்துக்குத் தெருவளைவு முழுக்க ஜெகஜ்ஜோதி. மாட்டிக் கொடுத்தவள் பூங்கோதைதான். கூப்பிட்டால் மாட்டேன் என்றா சொல்வாள்? அவளும் பேழையின் தலைமாட்டில் ஒன்று மாட்டி, அணைக்காமலே விட்டிருந்தாள். மனுஷன் இருட்டில் கிடக்கிறாரே என்று மனசு கேட்கவில்லை.

மீட்டர் ஏறுவதைப் பார்த்ததும் பதறிப்போய் முதலில் அதைக் கழற்றினாள். பிறகு ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள்.

"ஐயா, அறுநூறு மின்மினி எரிஞ்சா ஒரு பேழைக்கான மின்சாரம் போச்சு. வீட்டுக்கு ரெண்டு கூடினாலே ஒரு உசுரு. கை கூப்பிக் கேக்கேன், அணைச்சு வையுங்க."

தலைவர் நல்லசிவம் சிரித்தார். "நீதானேம்மா எட்டுல ஒரு பங்குதான் இழுக்கும்னு சொன்ன? நீ செஞ்ச பொருளை நீயே குறை சொல்லலாமா?" கூட்டமும் சிரித்தது. அவளைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் துணியோடு போனபோது துடைக்கப் பனி இல்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மின்சாரம் பற்றாமல் பங்கீட்டான் இரவே பேழையை நிறுத்தியிருந்தது. மூடியைத் திறந்து தொட்டாள். ஏகாம்பரத்தின் கை வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சூடு. மூச்சுதான் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்தானேங்க, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு வெடித்து அவளும் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியெல்லாம் நடப்பதில்லை.

ஊரே அழுதது, அதில் பொய்யில்லை. புதுக்குமரியில் நெருப்பு ஏற்றக் கூடாது, காற்றைத் தின்றுவிடும். அதனால் செத்தவர்களுக்கு ஏற்றும் விளக்கும் பல்புதான். ஏகாம்பரத்தின் நினைவாகக் கப்பல் வரும்வரை ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மின்மினி, இராப்பகல் அணையாமல் எரிய வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது. எதிர்த்துப் பேசியவள் பூங்கோதை ஒருத்திதான். "துக்கத்துல பேசுது, பாவம்" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

முதலில் ஏற்றியவள் எதிர்வீட்டு ஜெசிந்தா. மூன்று நாள் பூங்கோதையை மடியில் போட்டுக்கொண்டு, கஞ்சி காய்ச்சி ஊட்டியவள். அவளுடைய எட்டு வயது மகள் நிலானி, ஏகாம்பரத்துக்குச் சற்று முன்னால் படுத்தவள், பக்கத்துப் பேழையில் கிடந்தாள்.

மறுநாள் பிற்பகலில் பங்கீட்டானின் குரல் எல்லா வீட்டிலும் கேட்டது. மின்செலவு குறையாவிட்டால் நாளைக் காலை நிலானியின் பேழை நிறுத்தப்படும்.

ஜெசிந்தா தலைவிரி கோலமாகத் தெருவுக்கு ஓடிவந்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "அணைங்கய்யா! எம்புள்ளைய காப்பாத்துங்க!" என்று கத்தினாள். கதவைத் திறந்தவர்கள் கண்கலங்கினார்கள், தலையை ஆட்டினார்கள். நினைவு விளக்கை எப்படி அணைப்பது, பாவமில்லையா, வேறு ஏதாவது பார்க்கலாம் என்றார்கள். தட்டித் தட்டிக் கை வீங்கித் தன் வாசலுக்கே வந்து விழுந்தாள்.

பூங்கோதை அவளைத் தாண்டிப்போய், அந்த வாசலில் எரிந்த பல்பைக் கழற்றக் கை நீட்டினாள்.

ஜெசிந்தா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அதத் தொடாதீங்க மதினி! அண்ணனுக்காக ஏத்துனதுல்லா அது! ஊரெல்லாம் அத்தனை எரியுது, அதக் கேக்க ஆளில்ல. இந்த ரெண்டு பல்பாலயா எம்பொண்ணு சாகப்போறா?"